முதல் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு: எந்த வேலையை எப்போது செய்வது

வீடு வாங்கலாம் என்று முடிவானதுமே பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, விடுமுறை நாளில் கிளம்பி நாலு வீட்டைப் பார்த்துவிட்டு வருவதுதான். என் வரிசையில் அது மூன்றாவது வேலை. ஒரு வீடு மனதுக்குப் பிடித்துவிட்டால் அப்புறம் கணக்கும் பத்திரமும் சுவர் விரிசலும் எல்லாமே அந்த வீட்டுக்கு ஏற்றமாதிரி வளைந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். தவணை கொஞ்சம் கூடினால் என்ன, சமாளித்துக்கொள்ளலாம் என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்வோம்.

அதனால் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தக் கட்டத்தில் நான் "வேண்டாம்" என்று சொன்னால் எனக்கு எவ்வளவு போகும்? வீடு பார்க்கிற நாளில் ஒன்றும் போகாது. டோக்கன், அதாவது விலை பேசியதும் கொடுக்கும் சின்ன முன்தொகை, கொடுத்த பிறகு அது போகலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு முன்பணம் மொத்தமும் போகலாம், சில நாடுகளில் அதற்கு மேல் வழக்கும் வரலாம். பதிவு முடிந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல வழியே கிடையாது, விற்கத்தான் முடியும், விற்பதற்கும் செலவு உண்டு. ஆக, சோதிக்க வேண்டியதையெல்லாம் நஷ்டம் குறைவாக இருக்கும் கட்டத்திலேயே சோதித்துவிட வேண்டும். சட்டங்களும் தாள்களின் பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறும், இந்த வரிசை எங்கேயும் பொருந்தும்.

முதல் வேலை: கணக்கு

எத்தனை வருடம் அந்த ஊரில் இருப்பீர்கள் என்பதுதான் முதல் கணக்கு. வாங்கும்போது முத்திரைக் கட்டணம், பதிவுச் செலவு, வக்கீல், தரகு. விற்கும்போது மறுபடி தரகு, சில இடங்களில் வரி. இந்தச் செலவெல்லாம் வீட்டின் மதிப்பு ஏறி ஈடுகட்டுவதற்கே சில வருடங்கள் ஆகும். இரண்டு மூன்று வருடத்தில் வேலை மாறும், ஊர் மாறும் என்று தெரிந்தால் வாடகைக்கே இருங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. வாடகை கொடுப்பது வீண், அதே பணத்தைத் தவணையாகக் கட்டலாமே என்று சொல்பவர்கள் தவணையில் எவ்வளவு வட்டியாகப் போகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

அதைப் பார்த்துவிடலாம். கடன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. ஆண்டு வட்டி 8 சதவீதம், காலம் 20 ஆண்டு. மாதத் தவணை 836 வரும். முதல் மாதம் கட்டுகிற இந்த 836-இல் வட்டி மட்டும் 667, அசலில் கழிவது 170-க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 87,500 பாக்கி இருக்கும். பத்து வருடம், அதாவது பாதிக் காலம், முடிந்த பிறகு பாக்கி ஏறக்குறைய 69,000. மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே கொடுத்திருப்பீர்கள். இதே கடனை 15 ஆண்டில் கட்டினால் தவணை 956, மொத்தம் 1,72,000. 30 ஆண்டுக்கு இழுத்தால் தவணை 734-தான், ஆனால் மொத்தம் 2,64,000. தவணை எவ்வளவு குறைகிறது, மொத்தம் எவ்வளவு கூடுகிறது என்று இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காலத்தை முடிவு செய்ய வேண்டும். வங்கியில் பெரும்பாலும் தவணையை மட்டும்தான் சொல்வார்கள்.

அடுத்தது வட்டி எந்த வகை என்பது. அமெரிக்காவில் 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்கிற கடன் சாதாரணம். பிரிட்டனில் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுக்கு வட்டி நிலையாக இருக்கும், அது முடிந்ததும் மாறும் வட்டிக்குப் போய்விடும் அல்லது புதிதாகப் பேசிக்கொள்ள வேண்டும். கனடாவிலும் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். இந்தியாவில் வீட்டுக்கடன் பெரும்பாலும் மாறும் வட்டிதான். மாறும் வட்டியில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. வட்டி ஏறும்போது சில வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும். மாதம் போகிற பணம் அதேதானே என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம். மேலே சொன்ன கடனில் முதல் மாதமே வட்டி 8-லிருந்து 9 ஆகி, தவணை அதே 836-ஆக இருந்தால், 240 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 304 மாதம் போகும். ஒரே ஒரு சதவீதம், ஐந்து வருடத்துக்கு மேல் கூடுதல். அதனால் வட்டி ஏறினால் தவணை கூடுமா, காலம் கூடுமா, அதை யார் முடிவு செய்வது, முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்று கடன் வாங்குவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய வட்டியைவிட 2 சதவீதம் கூடுதலாக வைத்துத் தவணையைக் கணக்குப் போட்டு, அதையும் கட்ட முடியும் என்றால் மட்டுமே அந்தக் கடன் உங்களுக்குச் சரியான அளவு.

எவ்வளவு வரை போகலாம்? அமெரிக்காவில் 28, 36 என்று ஒரு பழைய அளவுகோல் உண்டு: பிடித்தம் எல்லாம் போவதற்கு முந்தைய மாத வருமானத்தில் வீட்டுச் செலவு 28 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வண்டிக்கடன், கார்டு பாக்கி என்று எல்லாக் கடனும் சேர்த்து 36-ஐத் தாண்டக்கூடாது. வங்கிகள் இதைவிட அதிகமாகத் தரத் தயாராக இருக்கும். அவர்கள் தருகிறார்கள் என்பதால் அது நமக்குக் கட்டுப்படியாகும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் குழந்தையின் படிப்புச் செலவோ அப்பாவின் மருந்துச் செலவோ அவர்களுடைய கணக்கில் வராது. கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கடன் வாங்குகிறவர்கள், ஒருவர் சம்பளம் ஒரு வருடம் நின்றால் என்ன ஆகும் என்றும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டிய ரொக்கம் என்பது முன்பணம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவுச் செலவு, வக்கீல், கட்டட ஆய்வு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, குடிபோகும் செலவு, போனதும் வரும் சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் தனி. அமெரிக்காவிலும் கனடாவிலும் விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டால் பெரும்பாலும் கடனுக்கென்று தனியாக ஒரு காப்பீடு எடுக்கச் சொல்வார்கள், அது காப்பாற்றுவது கடன் கொடுத்தவரை, கட்டுவது நாம். இத்தனையும் போக ஆறு மாதச் செலவுக்கான பணம் தொடாமல் இருக்க வேண்டும். அதையும் வீட்டில் கொட்டிவிட்டு, குடிபோன மறுமாதம் தண்ணீர் மோட்டார் பழுதானால் அதற்கும் வட்டிக்குக் கடன் வாங்கவேண்டிய நிலை வரும். அப்பா அம்மா கொடுக்கும் பணம் முன்பணத்தில் சேர்கிறது என்றால் அது பரிசா கடனா என்பதை இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வங்கியும் கேட்கும், அண்ணன் தம்பிகளும் என்றைக்காவது கேட்பார்கள்.

கணக்கு சரிவந்தால் வங்கியில் முன் ஒப்புதல், அதாவது எவ்வளவு வரை கடன் தருவார்கள் என்கிற முதல்கட்ட ஒப்புதல், வாங்குங்கள். இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: முன் ஒப்புதல் உங்கள் வருமானத்தைப் பார்த்துத் தருவது, வீட்டைப் பார்த்து அல்ல. பிறகு வங்கி தன் ஆளை அனுப்பி வீட்டை மதிப்பிடும்போது நீங்கள் பேசிய விலையைவிடக் குறைவாக வந்தால், அந்த இடைவெளியை உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும்.

இரண்டாவது வேலை: ஆட்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரகருக்கு விற்பனை நடந்தால்தான் பணம், அதிலும் பல இடங்களில் விற்பவரிடமிருந்து. அவர் நல்ல மனிதராக இருக்கலாம், உங்களுக்காக ஓடியாடலாம், ஆனால் "இந்த வீடு வேண்டாம் விடுங்கள்" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கிக்காக, நீங்கள் கட்டாமல் போனால் வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்று. பில்டரின் வக்கீல் பில்டருக்காக. ஆகவே உங்கள் பணத்தில், நீங்களே தேடிப் பிடித்த ஒரு வக்கீலும், கட்டடத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரு பொறியாளர் அல்லது ஆய்வாளரும் வேண்டும். விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆள் வேண்டாம். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் இவர்களுக்குத் தரும் கட்டணம் மிகச் சொற்பம், ஆனால் மக்கள் சிக்கனம் பிடிப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

இப்போது வீடு பார்க்கலாம்

ஒரே வீட்டை வேறு வேறு நேரத்தில் பாருங்கள். வேலை நாள் காலையில் சாலை எப்படி இருக்கிறது, இரவில் தெரு எப்படி இருக்கிறது, முடிந்தால் மழை பெய்யும்போது. மழையில் பார்த்தால் ஆய்வாளர் சொல்லாததையும் வீடே சொல்லிவிடும்: மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது, தெருத் தண்ணீர் வாசலுக்குள் வருகிறதா என்று.

உள்ளே போனதும் வரவேற்பறையின் அழகில் நிற்காமல் நேராகக் குளியலறைக்கும் சமையலறைக்கும் போங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து வேகம் குறைகிறதா என்று பாருங்கள். தண்ணீரை ஊற்றித் தரையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சிங்குக்குக் கீழே கதவைத் திறந்து மோந்து பாருங்கள், பூஞ்சை வாசனை ஒளித்து வைக்க முடியாத ஒன்று. ஒரு சுவரில் மட்டும், அல்லது கூரையில் ஒரு வட்டத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அலமாரியைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் அதற்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், சங்கடப்பட வேண்டாம், வாங்கப் போகிறவர் நீங்கள்.

விரிசல் என்றாலே பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பூச்சில் தலைமுடி அளவுக்கு ஓடும் கோடுகள் எல்லா வீட்டிலும் இருக்கும். பிரிட்டனில் கட்டட ஆய்வாளர்கள் பின்பற்றும் ஒரு வகைப்பாட்டில் 5 மில்லிமீட்டர் வரையிலான விரிசலைப் பார்வைக்குத்தான் குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் போனால்தான் வேறு கவலை. அகலத்தைவிட முக்கியம் விரிசலின் போக்கு. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, ஒரு முனை குறுகி மறுமுனை அகன்றிருப்பது, உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் ஒரே இடத்தில் தெரிவது, பக்கத்துக் கதவு தானாக இறுகிக்கொள்வது, இவை சேர்ந்து வந்தால் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பொறியாளர் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக்கூடாது. பழைய வீடு என்றால் கட்டிய ஆண்டையும் கேளுங்கள். ஈயம் கலந்த வீட்டுப் பெயின்ட்டை அமெரிக்கா 1978-இல் தடை செய்தது, அதனால் அதற்கு முன் கட்டிய வீட்டை விற்பவர் தனக்குத் தெரிந்த ஈயப் பெயின்ட் விவரத்தை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்; ஆஸ்பெஸ்டாஸை முழுமையாக பிரிட்டன் தடை செய்தது 1999-இல்தான். உங்கள் நாட்டில் சட்டம் எப்படி இருந்தாலும் அந்தக் காலத்துக் கட்டடத்தில் அந்தப் பொருள்கள் இருக்க வாய்ப்பு உண்டு.

மின்சாரப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா, கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி இருக்கிறதா, வயரிங் எந்த வயது. இதை நாமே முடிவு கட்ட முடியாது, எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

பரப்பளவை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். விளம்பரத்தில் சொல்லும் பரப்பில் சுவர், படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் பங்கு போட்டுச் சேர்ந்திருக்கும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, அதன்கீழ் பதிவாகும் திட்டங்களில் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் உண்மையில் புழங்குகிற பரப்பு, எவ்வளவு என்று சொல்லியே ஆக வேண்டும். மற்ற இடங்களிலும் விலையை இந்தப் பரப்பால் வகுத்து ஒப்பிட்டால்தான் எது மலிவு எது விலை என்று தெரியும்.

அடுக்குமாடி என்றால் வீட்டுக்குச் சமமாகச் சங்கத்தையும் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று வருடக் கணக்கு, கையிருப்பு நிதி, கூட்டக் குறிப்புகள், எத்தனை பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள், லிஃப்டும் கூரையும் எப்போது மாற்ற வேண்டி வரும். கையிருப்பு இல்லாத சங்கத்தில் பெரிய ரிப்பேர் வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே தடவையாக வசூலிப்பார்கள், போன மாதம் குடிவந்த உங்களிடமும்தான். நிலம் யாருடையது என்பதும் முக்கியம். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகை. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் குத்தகை உரிமைதான். மீதம் எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்து விலையும் மாறும், வங்கி கடன் தருமா என்பதும் மாறும்.

இன்னும் கட்டி முடிக்காத வீடு

இங்கே நாம் வாங்குவது ஒரு வாக்குறுதியை. அதனால் பணம் எப்போது போகிறது என்பதுதான் எல்லாமே. தேதி பார்த்துப் பணம் கட்டாதீர்கள், வேலை எந்தக் கட்டம் வரை முடிந்திருக்கிறது என்று பார்த்துக் கட்டுங்கள். மேலே சொன்ன இந்தியச் சட்டத்தில் சில நல்ல அளவுகோல்கள் இருக்கின்றன: எழுத்துபூர்வமான ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்வதற்கு முன் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும், வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் வாங்கினாலும் இதே மூன்றைப் பற்றியும் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். தாமதமானால் பில்டர் தரும் வட்டியும், நாம் தாமதித்தால் நம்மிடம் வாங்கும் வட்டியும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த ஒப்பந்தத்தை யார் எழுதியது என்று புரிந்துவிடும்.

விலை பேசுதல், டோக்கன்

விற்பவர் சொல்லும் விலையையும் இணையத்தில் போட்டிருக்கும் விலையையும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், அவை கேட்கும் விலைகள். அதே பகுதியில் கடந்த ஆறு மாதத்தில் எந்த விலைக்குப் பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள், பல நாடுகளில் இது பொதுப் பதிவேட்டிலேயே கிடைக்கும். விற்பவர் ஏன் விற்கிறார், எப்போது காலி செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வது விலைப் பேச்சில் நிறைய உதவும்; அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவருக்கு விலையைவிட வேகம் பெரிது, வேறு வீடு கிடைக்காதவருக்கு இரண்டு மாத அவகாசம் பெரிது. உங்கள் உச்ச விலையைத் தரகரிடமும் சொல்லாதீர்கள்.

ஒத்துக்கொண்ட விலை எப்போது இருவரையும் கட்டுப்படுத்தும் என்பது இடத்துக்கு இடம் தலைகீழாக மாறும். இங்கிலாந்தில் விலை பேசி ஒத்துக்கொண்ட பிறகும், ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம், வேறொருவர் அதிகம் தந்தால் விற்பவர் அவரிடம் போய்விடுவதும் நடக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்தில் இரண்டு பக்க வக்கீல்களின் கடிதப் பரிமாற்றம் முடிந்தாலே கட்டுப்பட வேண்டியதுதான். பிரான்சில் முன் ஒப்பந்தம் போட்ட பிறகு வாங்குபவர் மனம் மாறுவதற்கு 10 நாள் தருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சாதாரண விற்பனையில் ஐந்து வேலை நாள் உண்டு, ஏலத்தில் எடுத்தால் அதுவும் கிடையாது. உங்கள் இடத்தில் அந்தக் கதவு எந்த நாளில் மூடுகிறது என்று வக்கீலிடம் கேட்டு நாட்காட்டியில் வட்டம் போடுங்கள்.

டோக்கன் கேட்டால், சின்னத் தொகையாக, வங்கி வழியாக, ரசீதோடு கொடுங்கள். ரசீதில் வீட்டின் விவரம், பேசிய விலை, எதெது நடக்காவிட்டால் பணம் முழுவதும் திரும்பும் என்பது எழுதியிருக்க வேண்டும்: கடன் கிடைக்காவிட்டால், பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால், ஆய்வில் பெரிய குறை தெரிந்தால். வாய்ப்பேச்சு நிலத்துக்குச் செல்லாது என்று இங்கிலாந்தில் 1677-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். "இன்னொரு பார்ட்டி சாயந்திரம் வருகிறார்கள், இப்போதே டோக்கன் போட்டால்தான்" என்கிற அவசரம் உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் அந்த மூன்று நிபந்தனைகளை எழுதப் பத்து நிமிடம் போதும், அதற்கும் ஒப்புக்கொள்ளாதவரோடு மேற்கொண்டு போக வேண்டாம்.

பத்திரம்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். நாட்டின் முறை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அதற்கு அரசே உத்தரவாதம். உலகின் பல பகுதிகள் பிறகு இதைப் பின்பற்றின. இந்தியாவில் அப்படி இல்லை: 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரம்தான், விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்று பதிவாளர் உத்தரவாதம் தருவதில்லை. அமெரிக்காவிலும் பெரும்பாலும் பத்திரங்களைப் பதிவதுதான், அதனால்தான் அங்கே உரிமைக் காப்பீடு என்று ஒன்று விற்கிறார்கள். அதிலும் வங்கிக்காக எடுப்பது வங்கியை மட்டும்தான் காக்கும், நமக்கு வேண்டுமென்றால் தனியாக எடுக்க வேண்டும். உத்தரவாதம் இல்லாத முறையில், இன்றைய பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது அந்தச் சொத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, தொடங்கி ஒவ்வொரு கைமாற்றமும் அறுபடாமல் வருகிறதா என்று வக்கீல் பார்க்க வேண்டும்.

எங்கே அறுபடும்? பெரும்பாலும் சாவு, பாகப்பிரிவினை, பவர் (ஒருவர் சார்பில் வேறொருவர் செயல்படக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இந்த மூன்று இடத்தில். அப்பா இறந்து பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் எல்லா வாரிசும், திருமணமாகிப் போன பெண்களும் சேர்த்து, கையெழுத்துப் போட வேண்டும். "தங்கச்சிக்கு ஆட்சேபணை இல்லை" என்று அண்ணன் சொன்னால் தங்கச்சியே வந்து சொல்லட்டும். அதிகாரப் பத்திரம் வைத்துக்கொண்டு ஒருவர் விற்றால், அது இன்னும் செல்லுபடி ஆகிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் கொடுத்தவரிடமே நேரில் அல்லது வீடியோவில் பேசிவிடுங்கள். விற்பவரின் கணவர் அல்லது மனைவிக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்பதும் சில நாடுகளில் பெரிய கேள்வி.

வில்லங்கச் சான்று அல்லது அதற்குச் சமமான பதிவேட்டு நகல் வாங்கி அடமானம், நீதிமன்றத் தடை, வரிப்பாக்கி எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஆனால் பதிவேட்டில் வராத விஷயங்களும் உண்டு: குடியிருப்பவர், பதிவாகாத குத்தகை, பக்கத்து வீட்டுக்காரர் பல வருடமாக நடந்துபோகிற பாதை, எல்லைத் தகராறு. இவற்றுக்கு ஒரே வழி, போய் விசாரிப்பதுதான். அக்கம்பக்கத்து வீடுகளில் பேச்சுக் கொடுங்கள், ஒரு தடவை பேசினாலே தண்ணீர், திருட்டு, சண்டை என்று ஊர்க் கதை முழுக்க வந்துவிடும். அப்புறம் கட்டட அனுமதியும், அந்த அனுமதியில் இருக்கும் வரைபடமும் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு அறை மாடியில் இருந்தால் அது போனஸ் என்று விற்பவர் சொல்வார், இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஒப்பந்தம் முதல் சாவி வரை

ஒப்பந்தத்தை ஒரு ராத்திரியாவது வீட்டில் வைத்துப் படியுங்கள். தொகைகள், தேதிகள், யார் தாமதித்தால் என்ன, வீட்டோடு எதெது சேர்ந்து வருகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். மின்விசிறி, ஏசி, மோட்டார், சமையலறை அலமாரி, இவற்றைப் பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள், குடிபோகும் நாளில் வெறும் வயர் தொங்குவதைப் பார்த்துச் சண்டை போடுவதைவிட அது சுலபம். விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம், ஏதாவது தகராறில் பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் தாளில் இருக்கும் தொகைதான் வரும், பின்னால் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

இருவர் பெயரில் வாங்கினால் எந்த வகைக் கூட்டுரிமை என்பதையும் முடிவு செய்யுங்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்குப் போகும் வகை ஒன்று, அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்குப் போகும் வகை இன்னொன்று. இரண்டாவது கல்யாணம், முதல் திருமணத்துக் குழந்தைகள், அண்ணன் தம்பி சேர்ந்து வாங்குவது போன்ற நிலையில் இந்த ஒரு வரி பின்னால் குடும்பத்தையே இரண்டாக்கும்.

பணம் அனுப்பும் நாளில் கவனம். வக்கீல் அலுவலகத்திலிருந்து வருவதுபோலவே மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று சொல்லி மொத்தத் தொகையையும் சுருட்டும் மோசடி பல நாடுகளில் நடக்கிறது. கணக்கு எண் மாறியதாக எந்தச் செய்தி வந்தாலும், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணை அழைக்காமல் உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசி உறுதி செய்துகொண்டுதான் அனுப்ப வேண்டும்.

பதிவுக்கு முந்தைய நாளோ அன்று காலையோ வீட்டை மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள். காலியாகிவிட்டதா, பட்டியலில் இருந்ததெல்லாம் இருக்கிறதா, சாமான் எடுக்கும்போது எதையாவது உடைத்தார்களா. குடியிருப்பவர் "அடுத்த வாரம் போய்விடுவார்" என்றால் பதிவும் அடுத்த வாரம். பத்திரத்தில் பெயர், எல்லைகள், அளவு, கதவு எண் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், பின்னால் எழுத்துப்பிழையைத் திருத்தவும் அதே விற்பவரைத் தேடிப் போக வேண்டி வரும். வீட்டுக் காப்பீடு எந்த நாளிலிருந்து உங்கள் பொறுப்பு என்று முன்பே கேட்டுவிடுங்கள், சில ஒப்பந்தங்களில் சாவி கைக்கு வருவதற்கு முன்பே, ஒப்பந்தம் போட்ட நாளிலேயே அது வாங்குபவர் தலைக்கு வந்துவிடும்.

சாவி வந்த பிறகு

பூட்டை மாற்றுங்கள். சொத்துவரி, மின்சாரம், தண்ணீர், சங்கம் எல்லாவற்றிலும் பெயரை மாற்றுங்கள், நில ஆவணத்தில் பெயர் மாற்றம் தனியாகச் செய்ய வேண்டிய இடங்களில் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பத்திரத்தை ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 1 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்வது பரவலாகப் புழங்கும் ஒரு கணக்கு. புது வீட்டுக்கு அவ்வளவு ஆகாது, பழைய வீட்டுக்குச் சில வருடம் அது போதவும் போதாது.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் அசலில் கட்டுங்கள், அதுவும் ஆரம்ப வருடங்களில். முதலில் போட்ட அதே கணக்கில் வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால் 20 வருடக் கடன் 17 வருடத்துக்குள் முடிந்துவிடும். கட்டிய பணம் அசலில்தான் கழிந்தது என்று அடுத்த மாத அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள், சில நேரம் வங்கி அதை முன்கூட்டிய தவணையாக வைத்துக்கொண்டிருக்கும். கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை: கடன் தீர்ந்ததற்கான கடிதம், வங்கியிடம் இருக்கும் அசல் பத்திரங்கள் அத்தனையும் பட்டியலோடு ஒப்பிட்டுத் திரும்ப வாங்குவது, பதிவேட்டில் இருக்கும் அடமானக் குறிப்பை நீக்குவது, பிறகு புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து அதில் அந்தக் குறிப்பு போய்விட்டதா என்று பார்ப்பது.